மைக் அண்ணாச்சியின் மௌன வகுப்பு

அமைதியைப் பற்றி உலகத்தில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். அதைப் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி பேசியவர் எங்கள் மைக் அண்ணாச்சி ஒருவர்தான். மேலகரத்தில் தன் வீட்டு மாடியில் நின்றுகொண்டு அவர் "மனச அடக்குங்க!" என்று சொன்னால், தென்காசியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவனும் ஒரு நிமிடம் அடங்கிவிட்டுத்தான் ஏறுவான்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. நானே அதை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் அருவிக்கரையில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்வது அவர் வேலை. எண்ணெய் தேய்த்தவர்கள் ஓரமாக நிற்கவும், நீலச் சட்டை போட்ட பையன் அழுதுகொண்டிருக்கிறான், பெற்றவர்கள் வந்து கூட்டிப்போகவும், குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம் என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓடும். அருவி இரைச்சலோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவர் தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. மைக் பழுதான நாட்களில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை என்பார்கள். பிறகு ஒரு வருஷம் யாரோ ஒரு அம்மாவின் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார், குரலும் கூடவே வந்துவிட்டது.

அந்த வேலையில் இருந்தபோதே அவருக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு அறிவிப்புக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவில் கறுப்பு மைப் பேனாவை எடுத்து அட்டையில் ஒரு வளைவு போடுவார். பக்கத்தில் அதே வளைவு. அதற்கும் பக்கத்தில் அதே வளைவு. இப்படியே அட்டை நிரம்பிவிடும். "மைக்க அணைச்சாலும் மண்டைக்குள்ள அறிவிப்பு ஓடிக்கிட்டே இருக்கும்வே. கோடு போட்டாத்தான் நிக்கும்" என்பார். பெங்களூரில் இருக்கிற அவர் மகள் அந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, "எப்பா, இத இங்கன தியானம்னு சொல்லி கிளாஸ் எடுக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், மறுவாரமே மாடிப்படியில் போர்டு தொங்கியது. 'மௌனக் கோட்டு ஓவியப் பயிற்சி. பேனா மட்டும். பேச்சு கிடையாது.'

இந்த வலையில் நான் எப்படி விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். தென்காசியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்குக் கட்டுரை எழுதுவது எனக்குப் பெருமை. கடையில் என்னைப் பார்ப்பவர்களுக்கு அப்படி ஒன்றும் தோன்றுவதில்லை. பட்டனை அமுக்கியதும் காகிதம் வராவிட்டால் மிஷினை அடிக்கிற ரகம் நான். "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கமா?" என்று கேட்டு, எதிராளி யோசித்தால் அவனையும் அடிக்கக் கை வரும். இந்தச் சீரில் போய்க்கொண்டிருந்தபோது, அடிவயிற்றின் வலது பக்கம் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. குடலிறக்கம். பேப்பர் பண்டலைத் தூக்கியதால் வந்தது என்றார் டாக்டர். "வாறவன் போறவன எல்லாம் நரம்பு புடைக்க ஏசுனா வேற என்ன வரும்?" என்றாள் என் மனைவி செண்பகம்.

சின்ன ஆபரேஷன்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசல்படியை மிதித்ததும் என் ரத்த அழுத்தம் தானாக ஏறிவிடும். பி.பி. பார்க்கிற பட்டையை நர்ஸ் கையில் எடுத்தாலே அது எழுந்து நின்று வணக்கம் சொல்லும். இரண்டு முறை தியேட்டர் வாசல் வரை போய், பச்சை அங்கியோடு திரும்பி வந்திருக்கிறேன். இரண்டாவது முறை டாக்டர் முகம் சரியில்லை. "வீட்ல பார்த்தா நார்மல், இங்க வந்தா ஏறுது. மாத்திரைக்கு இது கட்டுப்படல. தள்ளிப் போட்டுக்கிட்டே போனா என்னைக்காவது குடல் போய் அதுல மாட்டிக்கிடும். அப்ப அவசரமா அறுக்கணும், உங்க பி.பி. எறங்கட்டும்னு காத்திருக்க முடியாது. மனசை அமைதியாக்குறதுக்கு ஏதாவது பழகிட்டு வாங்க" என்றார்.

ஏதாவது என்றால் எது? யோகாவுக்குக் குனிந்தால் எலுமிச்சங்காய் குறுக்கே நின்றது. நடைப்பயிற்சிக்குப் போன முதல் நாளே எதிரில் வந்தவனோடு சண்டை. கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜெபா சிஸ்டர்தான் வழி சொன்னார். சுரண்டை ஊர்க்காரர், சிரித்த முகம். "சார், நான் ஞாயித்துக்கெழம மேலகரத்துல ஒரு கிளாஸுக்குப் போறேன். அந்த அண்ணாச்சிகிட்ட வந்து பாருங்க. ரொம்ப அமைதியான ஆளு" என்றார். சிஸ்டர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது.

வகுப்பு நடக்கும் மாடிக்குக் கீழே கிரில் பட்டறை. இரும்பை அறுக்கிற சத்தத்தைத் தாண்டிப் படியேறிப் போனால், மேலே பாயில் நாலைந்து பேர் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெபா சிஸ்டர் இருந்தார். சவுதியில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய கடையநல்லூர் சலீம் பாய் இருந்தார். நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

"கண்ண மூடுங்க!"

என் கையிலிருந்த பேனா உருண்டு போய்ப் படியில் விழுந்தது.

"என்னவே, பயந்துட்டீரா? பயப்படக் கூடாது! பயத்தப் போக்குத எடம் இது!" என்றார் அண்ணாச்சி. அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பட்டறைக்காரர் மேலே வந்தார். இரும்பு அறுக்கிற சத்தத்துக்காக வருத்தம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வெல்டிங் வைக்கவன் கை ஆடுது" என்று கேட்டுக்கொண்டு போனார்.

வகுப்பில் சட்டம் கடுமையானது. பென்சில் கூடாது, ரப்பர் கூடாது, ஸ்கேல் கூடாது. அட்டையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். ஒவ்வொரு உருவத்துக்கும் அண்ணாச்சியே பெயர் வைத்திருந்தார். மீனின் மேல்தோல் போல அடுக்கடுக்காக வந்தால் செதில். சுருண்டுகொண்டு போனால் குரங்குவால். சின்னச் சின்னச் சாய்கோடுகள் சாரல். மங்குஸ்தான் பழத்தின் அடியில் குட்டியாக ஒரு பூ மாதிரி இருக்குமே, அதை வரிசையாகப் போட்டால் மங்குஸ்தான்.

"தப்புன்னு ஒண்ணு கெடயாதுவே" என்று ஆரம்பித்தார். "கோடு கோணிப் போச்சா? விடும். பக்கத்துலயும் அதே கோணல இன்னொரு தடவ போடும். அப்புறம் இன்னொண்ணு. அது டிசைன் ஆயிரும்."

இது எனக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பார்த்தால் என் வாழ்க்கையே ஒரு பெரிய டிசைன்தான். செய்த தப்பையே விடாமல் செய்துவருகிறேன். ஆனால் காகிதத்தில் அது வரவில்லை. என் செதிலைப் பார்த்தால் எந்த மீனும் அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாது. சாரலைப் பார்த்த அண்ணாச்சி, "சாரல்னா சாஞ்சு விழணும்வே. உம்ம சாரல் ஆணி அடிச்சாப்புல நிக்கி" என்றார். இரண்டு வரிசை முடிப்பதற்குள் எனக்குப் பின்கழுத்து சூடாகிவிட்டது. ஒரு முறை போட்டாகிவிட்டது, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது, அதையே மறுபடி போடுவானேன்? தொழிலும் அப்படி. ஒன்று இருந்தால் நூறு எடுக்க எனக்கு ஒரு பட்டன் போதும்.

"அண்ணாச்சி, இது முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"எதுக்கு நேரம் கேக்கீரு? அருவில குளிக்கப் போனவன் தண்ணி எப்பத் தீரும்னா கேப்பான்? போடும்வே!"

கீழே வெல்டிங் நின்று, மறுபடி தொடங்கியது.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு அட்டை முழுக்க மங்குஸ்தான். திங்கட்கிழமை உட்கார்ந்து ஒரு வரிசை போட்டேன். செவ்வாய்க்கிழமை அதைப் பார்த்தேன். புதன்கிழமை மிஷினைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிசையை நகலெடுத்து, கத்தரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, தடித்த அட்டையில் மொத்தமாக ஒரு நகல் போட்டேன். ஒட்டின தடம் கூடத் தெரியவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. செண்பகம் பார்த்துவிட்டு, "அட, நெசமாவே நீங்கதான் வரைஞ்சியளா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன், கலைஞர்கள் சிரிப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என் அட்டையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். மை கலையவில்லை. அப்புறம் மேலிருந்து கீழே விரலை நகர்த்தினார்.

"ஏ ஜெராக்ஸு! ஒவ்வொரு வரிசையிலயும் மூணாவது பூவுக்கு ஒரு எதழக் காணுமே! என்ன, மங்குஸ்தானுக்குச் சீக்கா?"

"நீங்கதான அண்ணாச்சி அதே தப்பத் திரும்பப் போடச் சொன்னிய?"

"போடச் சொன்னேன்வே! அச்சடிக்கவா சொன்னேன்?"

சலீம் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார். அண்ணாச்சி விடவில்லை. "நான் ஒரே அறிவிப்ப நாள் முழுக்கச் சொன்னவன். ஆனா ஒரு தடவ சொன்ன மாதிரி மறுதடவ சொன்னதில்ல. பிள்ளையத் தொலைச்சவ எதிர நின்னு அழும்போது குரல் தன்னால எறங்கிரும். வாலிபப் பயலுவ கூத்தடிச்சா ஏறிரும். திரும்பச் செய்யதுன்னா அதுதான்வே. உம்ம மிஷினு செய்யது வேற" என்றார். கீழே பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இறங்கிப் போகும்போதுதான் தெரிந்தது. ஒரு வெல்டர் என்னைப் பார்த்து, "சார், அடுத்த வாரம் கலர் ஜெராக்ஸா?" என்று கேட்டான்.

சீசன் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் உட்கார்ந்து வரைந்தால் மனசு தன்னால் இளகும் என்று சொல்லி, அண்ணாச்சி எங்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். சாரல் அடித்து அட்டையெல்லாம் ஈரம், மை பரவி என் செதில்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அன்றுதான் முதல் தடவையாக அவை பார்க்கும்படியாக இருந்தன. நான் வரைந்தது போதும் என்று துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனேன்.

அண்ணாச்சியால் அங்கே வரைய முடியவில்லை. ஸ்பீக்கரில் அந்தப் பதிவுக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "பாரும்மா, மூச்சே விடாமச் சொல்லுதா! எதிர என்ன நடக்குன்னு பாக்காளா?" என்று ஜெபா சிஸ்டரிடம் பொருமிக்கொண்டிருந்தாராம். எதிரே நாலு வாலிபர்கள் பெண்கள் குளிக்கிற பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். பதிவுக் குரல் அப்போது பார்த்து, குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம் என்றது.

அண்ணாச்சி எழுந்தார்.

"ஏலே! ஆம்பளையளெல்லாம் வெளிய வாங்கலே!"

நாலு பேருக்குச் சொன்னதை நாங்கள் அத்தனை பேரும் கேட்டோம். அருவியின் அடியில் நின்ற ஆண்கள் கூட்டம் மொத்தமும், என்ன ஏது என்று கேட்காமல், வெள்ளம் வருகிறது என்று நினைத்துக்கொண்டு கரைக்கு ஓடியது. நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். துண்டு என்னோடு வரவில்லை. நல்லவேளை, உள்ளே டிராயர் போட்டிருந்தேன். பாசியில் கால் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் கொஞ்சதூரம் போய், போலீஸ்காரர் பூட்ஸில் முட்டி நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று மைக் அண்ணாச்சியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. எலுமிச்சங்காய் சாத்துக்குடி ஆகியிருந்தது. ஜெபா சிஸ்டர் ஓடி வந்து, என்னைப் படுக்கவைத்து, மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளினார். "இப்ப உள்ள போயிட்டு. அடுத்த தடவ போகாது சார். இனிமே தள்ளிப்போடவே கூடாது" என்றார். அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். நனைந்துபோன என் துண்டைக் கையில் பிழிந்துகொண்டே நின்றார்.

அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் தினமும் எங்கள் வீட்டுக்கு மங்குஸ்தான் பழம் வந்தது. கொடுத்துவிடுவது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் பயத்தில் உட்கார்ந்து வரைந்தேன். கடையில், வீட்டில், சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்னால், செதில் செதிலாகப் போட்டுத் தள்ளினேன். ஆதார் நகல் கேட்டு வந்த ஒருவர் நின்று நின்று பார்த்துவிட்டு, "இந்த வரிசை முடியட்டும், நான் டீ குடிச்சிட்டு வாறேன்" என்று போய்விட்டார். அவரை நான் ஏசவில்லை. செண்பகம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலாக இருக்குமோ என்று.

ஆபரேஷன் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபா சிஸ்டர் பட்டையைக் கட்டினார், பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூற்றெண்பதுக்கு மேல். இத்தனை செதிலும் வீண். டாக்டர் வந்து பார்த்து, "உங்களுக்கு முன்னால இன்னொரு கேஸ் இருக்கு. அது முடியிற வரைக்கும் டைம். எறங்கலைன்னா மதுரைக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதைப் பார்த்து இன்னும் ஏறியிருக்கும்.

ஜெபா சிஸ்டர் வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி உள்ளே வந்தார். வேட்டி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அட்டையும் பேனாவும் கொண்டுவந்திருந்தார். என் வலது கையில் குளுக்கோஸ் ஊசி. அதைப் பார்த்துவிட்டு, "நீரு வரைய வேண்டாம். நான் வரையுதேன், சும்மா பாத்துக்கிட்டு இரும்" என்றார். பக்கத்து வார்டில் தூங்கிக்கொண்டிருந்த நோயாளி விழித்துக்கொண்டார். ஒரு நர்ஸ் ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செதில் போடத் தொடங்கினார்.

நான் பார்த்தேன். முதல் வளைவு கோணிப் போனது. சரி, டிசைன் என்று நினைத்தேன். இரண்டாவது வேறு பக்கம் கோணியது. மூன்றாவது பாதியில் நின்றுவிட்டது. பேனா முனை அட்டையில் தடதடவென்று ஆடியது.

"என்ன அண்ணாச்சி, கை நடுங்குது?"

"ஏசிவே."

"இங்கன ஏசியே கெடயாது."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவில்லை. பேசினார், அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "நான் அன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா நீரு ஓடியிருக்க மாட்டீரு. ஒமக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்னவே செய்வேன்? ராத்திரியெல்லாம் கோடு போட்டுப் பாத்துட்டேன், நிக்க மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது, அது என் பிறவிக் குணம். "என்ன பேச்சு பேசுதிய? நீங்க கத்தலன்னாலும் இது அறுக்க வேண்டியதுதான். இங்க பாருங்க, பயப்படதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ஊசி முதுகில்தான், இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், வலி தெரியாது, குடலை உள்ளே தள்ளிவிட்டு அங்கே ஒரு வலைத்துண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள்.

"வலையா? என்ன வலை?"

"கொசுவலை மாதிரி அண்ணாச்சி. கட்டம் கட்டமா இருக்கும். சதை அதப் பிடிச்சுக்கிட்டு வளந்துரும், அப்புறம் எதுவும் வெளிய வராது."

"கட்டம்லாம் ஒண்ணுபோல இருக்குமா?"

"ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"மிஷினு போட்டதா?"

"மிஷினு போட்டதுதான்."

"நல்லா இருக்காதே" என்றார் கவலையாக. நான் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தேன். "டாக்டர் தையல் கையிலதான் போடுவாரு, அதெல்லாம் கோணல்மாணலா வந்துரும், நீங்க கவலப்படாதிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். செண்பகத்திடம் அவருக்கு ஒரு காபி வாங்கித் தரச் சொன்னேன். இத்தனைக்கும் நடுவில் ஜெபா சிஸ்டர் என் இடது கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து முடித்திருந்தார், எனக்குத் தெரியவே இல்லை. "சார், எறங்கிட்டு!" என்று அவர் கத்தியபோதுதான் திரும்பினேன். உதட்டில் விரல் வைத்த அதே நர்ஸ் மறுபடி ஓடி வந்தார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி கதவு வரைக்கும் கூடவே வந்து, மேலே வர விடாததால் அங்கேயே நின்றார். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் ஆறிப்போன காபி.

உள்ளே மயக்க மருந்து டாக்டர் என் தோளைத் தொட்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். எனக்கும் சேத்து வெளிய எங்க அண்ணாச்சி பயந்துக்கிட்டு நிக்காரு" என்றேன்.